தட்டில் ஒரு ஜாங்கிரி

மூன்றாவது ஓட்டலிலும் இடமில்லை.

அவன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து கையை மட்டும் விரித்துக் காட்டினான். அவள் படியில் வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

புரட்டாசி. ஊரே சைவம். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும், சாப்பிடுகிறவர் எப்போது எழுவார் என்று யாராவது நின்றிருந்தார்கள்.

குடும்ப நீதிமன்றத்தில் அவர்களுடைய மனுவை மதியத்துக்குத் தள்ளியிருந்தார்கள். வக்கீலம்மா கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்.

“ரெண்டரைக்குக் கூப்புடுவாங்க. ஒருத்தர் வந்து ஒருத்தர் வரலைன்னா மறுபடி வாய்தாதானுங். ஒண்ணாவே போய்ச் சாப்ட்டு, ஒண்ணாவே வந்துருங்.”

சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

நீதிபதி ஒரே கேள்விதான் கேட்பாராம். மனமொத்துத்தான் பிரிகிறீர்களா என்று. இருவரும் ஆமாம் என்றால் முடிந்தது.

மனுவில் காரணம் எழுதியதும் வக்கீலம்மாதான். கருத்து வேற்றுமை. இவர்களைக் கேட்டிருந்தால் அலுப்பு என்று சொல்லியிருப்பார்கள்.

வெயிலில் நடந்தார்கள். அவன் முன்னால். அவள் நாலடி பின்னால். சேர்ந்து வாழ்ந்தபோதும் அப்படித்தான் நடந்தார்கள்.

அவன் சட்டை முதுகில் தொளதொளவென்று தொங்கியது. காலையிலேயே பார்த்தாள். தானே பொங்கித் தின்றால் இப்படித்தான் என்று நினைத்தாள்.

அதற்கு மேல் நினைப்பது இனி அவள் வேலை இல்லை.

நாலாவது இடம் ஒரு லாட்ஜின் மாடியில். கீழே பலகை வைத்திருந்தார்கள். சைவ பஃபே. நீங்களே எடுத்துச் சாப்பிடலாம்.

அவன் பலகையைத் தாண்டி நடந்தான்.

“இதுக்கு மேல என்னால முடியாதுங்க,” என்றாள்.

அன்றைக்கு அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. அவன் திரும்பி வந்தான்.

மாடியில் குளிர்ச்சியாக இருந்தது. மூடி போட்ட பாத்திரங்கள் வரிசையாக. அடியில் சின்னச் சின்ன நெருப்பு. ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

சோறு வைத்தாள். பருப்பு. பீட்ரூட் பொரியல். ஒரு கிண்ணத்தில் ரசம். கடைசிப் பாத்திரத்தில் ஜாங்கிரி.

மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் தட்டைப் பார்த்தாள்.

அவளுக்கு இனிப்பு ஆகாது. சிறு வயதிலிருந்தே. நாக்கில் வைத்தாலே குமட்டும்.

கல்யாணப் பந்தியில் தன் இலை ஜாங்கிரியை அவன் இலைக்குத் தள்ளினாள். அதற்குப் பிறகு போன விசேஷம் எல்லாவற்றிலும் அதேதான். முதல் வாய் சோற்றுக்கு முன்னால் அவளுடைய இனிப்பு இடம் மாறிவிடும்.

அவனுடைய பெரியம்மா பந்தியிலேயே சத்தமாகக் கேட்பாள்.

“ஏஞ்சாமி, நீ பொண்ணுக்குத் தாலி கட்டுனியா, அவ எலையில இருக்கற ஜாங்கிரிக்குக் கட்டுனியா?”

இங்கே இலை இல்லை. பந்தி இல்லை. வேண்டுமென்றால் அவனே பத்துகூட எடுத்துக்கொள்ளலாம்.

எதிர்ச் சுவரில் எழுதியிருந்தது. உணவை வீணாக்காதீர்.

அவன் வந்தான். தட்டை வைத்தான். பொரியல் குவியலாக. சோறு ஒரு கைப்பிடி.

இனிப்பு இல்லை.

அவள் கொடுப்பாள் என்றுதான் எடுக்காமல் வந்திருக்கிறான். அப்படித் தோன்றியதும் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அந்த ஆத்திரத்தோடேயே ஜாங்கிரியை ஸ்பூனில் எடுத்து அவன் பக்கம் நீட்டினாள்.

அவன் தட்டின் மேல் கையை வைத்து மறைத்தான்.

“வேண்டாம். சக்கரை.”

“யாருக்கு?”

“எனக்குத்தான். மாசில இருந்து.”

மாசியில்தான் மனுப் போட்டார்கள். நீதிமன்ற வராந்தாவில் ஒரே பெஞ்சு, நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம். அவன் எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். இருப்புக் கொள்ளவில்லை, எப்போது விட்டுத் தொலையும் என்று தவிக்கிறான் என்று அன்றைக்கு அவள் எண்ணினாள்.

ஸ்பூன் நடுவழியில் நின்றது. பாகு மேசையில் சொட்டியது.

“நீ தின்ன மாட்டியே,” என்றான். “எதுக்கு எடுத்த?”



ஜாங்கிரியைத் தன் தட்டிலேயே திரும்ப வைத்தாள். ஓரத்தை விண்டு வாயில் போட்டாள். குமட்டியது. விழுங்கினாள். இன்னொரு விள்ளல்.

அவன் சோற்றைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்போன் மேசையில் அதிர்ந்தது. திரையில் வக்கீலம்மா.

“மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?” என்று அவனைக் கேட்டாள்.

“முன்ன.”

“போட்டாச்சா?”

அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். மாத்திரை அட்டை பிரிக்காமல் அங்கேயே இருந்தது.

செல்போன் அதிர்ந்து அதிர்ந்து தண்ணீர்க் குவளை வரைக்கும் நகர்ந்துவிட்டது.

அவள் கையை நீட்டினாள்.

குவளையை எடுத்து அவன் பக்கம் வைத்தாள்.