கடைசி மேட்டுக்கு ஒரு கியர்

"பின்னாடி இருக்கறதுலயே பெரிய பல்சக்கரமா போடு. முன்னாடி சின்னதா போடு" என்றார் வீம்பு.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. தெரு வைத்த பெயர் இதுதான். சைக்கிளில் போகும்போது யாராவது முந்திவிட்டால், அன்றைக்கு முழுக்க வீட்டில் வாய் திறக்க மாட்டார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறாள். அப்பேர்ப்பட்டவர் வந்து கியரைக் குறைக்கச் சொன்னால் சைக்கிள் கடைக்காரருக்குத் தலை வெடிக்காதா?

"அண்ணே, இது சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கு. பத்து மிதி மிதிச்சா ஒரு முழம் நகரும். நத்தையெல்லாம் 'ஓரம் போ பெருசு'ன்னு மணி அடிக்கும்."

"அடிக்கட்டும்."

வீம்பு வாயிலிருந்தா இந்தச் சொல்! கடைக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்படி எங்கண்ணே போறீங்க?"

"மலை மேல ஒரு ஊரு. விடிய கெளம்பினா மத்தியானம் ஆயிடும். கடைசியா ஒரு சந்து, செவுரு மாதிரி நிக்கும். கார்கூட நுழையாது."

"எறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்களேன். யாரு பாக்கப் போறா?"

"வழியில எங்க வேணா எறங்குவேன். அந்த மேட்டுல மட்டும் கால் ஊனக் கூடாது."

"ஊனினா?"

"செயின் நீளம் போதுமான்னு பாரு" என்று வீம்பு பேச்சை மாற்றினார்.

ஏதோ பந்தயம் என்று கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். இந்த வயதில் யாரோடு, என்ன கட்டி? தெரியாவிட்டால் தூக்கம் வராது.

"புது கியர் வழியில மக்கர் பண்ணும்ணே. ஞாயித்துக்கிழமை நானும் கூட வரேன்" என்றார். பண்ணாது என்று அவருக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வழியெல்லாம் வீம்புவின் வண்டியிலிருந்து கிலுக் கிலுக்கென்று ஒரு சத்தம். கடைக்காரருக்குத் தொழில் மானம் போயிற்று.

"எங்கயோ நட்டு லூசு. நிறுத்துங்கண்ணே!"

"என் வண்டியில ஒரு நட்டும் லூசு இல்ல. பேசாம வா."

அந்தச் சந்து வந்தது. பாதிகூட ஏறவில்லை, கடைக்காரர் இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டார். வீம்புவின் கால்கள் மட்டும் கிறுகிறுவென்று சுற்றின; வண்டி அங்குலம் அங்குலமாக ஏறியது. கூடை சுமந்த ஒருத்தி நடந்தே அவரை முந்திப் போனாள். மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திடீரென்று வண்டி தள்ளாடியது. வலது கால் பெடலை விட்டு விலகியது.

"விட்டுடாதீங்கண்ணே, மிதிங்க!" பந்தயம் என்னவென்றே தெரியாத கடைக்காரர், தன் சொத்தே போகிற மாதிரி கத்தினார்.

கால் பெடலுக்கே திரும்பியது.

உச்சியில் பச்சைக் கதவு வைத்த ஒரு வீடு. வீம்பு சைக்கிளில் இருந்தபடியே அதன் கேட்டைப் பிடித்துக்கொண்டு மணியை விடாமல் அடித்தார்.

"சீட்டப் புடிடா!" என்று பின்னால் பார்த்து அதட்டினார். கடைக்காரர் தன் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூச்சிரைக்க ஓடிவந்து, தம் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

கதவு திறந்தது. இடுப்பில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண். வீம்புவின் மூக்கு அப்படியே அவள் முகத்தில் இருந்தது. கேட்டுவரை ஓடிவந்தாள்.

"அப்பா... எறங்கி உள்ள வாங்கப்பா."

வீம்பு வண்டியின் முன்பக்கம் தொங்கிய பைக்குள் கையை விட்டார். வழியெல்லாம் சத்தம் போட்ட 'லூசு நட்டு' ஒரு கிலுகிலுப்பையாக வெளியே வந்தது.

"எறங்கவெல்லாம் மாட்டேன். 'இந்த மேட்டுல இனி என் கால் படாது'ன்னு உன் கல்யாணத்தன்னைக்குச் சொன்னேன்ல? சொன்னது சொன்னதுதான்."

பெடலிலிருந்து காலை எடுக்காமலே இரண்டு கைகளையும் நீட்டினார்.

"கையப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே. கொழந்தையக் குடு."