பதிலுக்கு நிற்கும் குரல்

விருத்தாசலத்துச் செராமிக் கூடத்தில் தகரக் கூரையின் துளைகள் வழியே நண்பகல் வெயில் வட்ட வட்டமாகத் தரையில் விழுந்திருக்கிறது. சூளையிலிருந்து இறக்கிய பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைக் கயல்விழி இரண்டிரண்டாகத் தட்டிப் பார்க்கிறாள். கணீரென்று ஒலித்தால் வலக்கூடை, மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல், இடக்கூடை. அவளருகே ஒரு கட்டையின் கீழ் சிறப்புப் பள்ளியின் படிவம் மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. ஒன்பது வயது மகள் தமிழினிக்குப் ‘பேச்சு இல்லை’ என்று அதில் எழுதியிருக்கிறது. மாலைக்குள் தாய் கையொப்பமிட வேண்டும். தமிழினி மண்மூட்டையின்மேல் அமர்ந்து வெண்தூசியில் விரலால் கோடிழுக்கிறாள். அச்சு வார்க்கும் சக்கரபாணியின் கைப்பேசியில், அயல்நாட்டுக் காட்டில் திரிவதாகச் சொல்லப்படும் குரங்கு மனிதனின் குரல் நீண்டு எழுகிறது. “இது ஒரு பாஷையாம்க்கா, ஆராய்ச்சி பண்றாங்களாம்” என்கிறான் அவன். “உன் கொறட்டையக்கூட ஆராய்ச்சி பண்ணுவாங்கடா” என்று உடன் வேலை செய்யும் பெரியம்மாள் சிரிக்கிறாள். “கத்தறதெல்லாம் பேச்சாயிடுமா?” கயல்விழியின் கைகள் நின்றுவிடுகின்றன. “இன்னொரு வாட்டி போடு தம்பி.” விரிசலை அறியும் அந்தச் செவி கைப்பேசியை நோக்கிச் சாய்கிறது. குரல் எழுகிறது, ஓய்கிறது, மீண்டும் எழுகிறது. “அது நெசமோ பொய்யோ, எனக்குத் தெரியாதுங்க. ஆனா கத்திட்டு நிறுத்துது பாருங்க. பதிலுக்கு நிக்குது” என்கிறாள் கயல்விழி. மூட்டையின்மேலிருந்து தமிழினி “ஏ... ஊ” என்று குரலெழுப்பி, தாயின் முகத்தைப் பார்த்தபடி நிறுத்துகிறாள். “தோ வரேன்டி கண்ணு, தண்ணிதானே?” என்று கயல்விழி எழுகிறாள். செம்பை இரு கைகளாலும் பற்றித் தமிழினி குடித்துக்கொண்டிருக்க, கையொப்பமிடாத படிவம் கட்டையின் கீழ் படபடக்கிறது.