அண்ணன் படுத்தால் தம்பி

"ரெண்டுமேவா சார்?"

கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் கேட்டார்கள். ஒரு வாரமாக இருவரும் சேர்ந்து செய்த காரியம் இது ஒன்றுதான்.

"ரெண்டுந்தான்! அண்ணனும் போச்சு, தம்பியும் போச்சு!" மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அண்ணன், தம்பி என்பது அந்த டிக்கெட் கம்பெனியின் இரண்டு நேம் சர்வர்களுக்கு ஆபீஸ் வைத்த செல்லப் பெயர். கம்பெனி தளத்தின் பெயரைத் தட்டுகிறவர்களுக்கு, அது இருக்கும் இடத்துக்கு வழி சொல்வதுதான் அவற்றின் வேலை. ஒன்று படுத்தால் மற்றொன்று தாங்கிக்கொள்ளும். வெளியே ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. அண்ணனைக் கவனிப்பது கணவன், தம்பியைக் கவனிப்பது மனைவி. ஒன்று படுத்தால் மற்றதைக் கவனிப்பவர் உடனே ஓடிப்போய்க் கைகொடுக்க வேண்டும் என்பது மேனேஜர் போட்ட சட்டம். இரண்டும் சேர்ந்து படுத்தால் என்ன செய்வது என்று அவர் சட்டம் போடவில்லை. அப்படி நடந்ததே இல்லை.

"பதினோரு மணிக்கு ஃபைனல் மேட்ச் டிக்கெட் விக்கணும். ஊரே போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. இன்னிக்குச் சொதப்பினா நாளைக்கு வர வேண்டாம்னு முதலாளி காலையிலயே சொல்லிட்டாரு. இந்த வயசுல நான் வேற வேலைக்கு எங்கேய்யா போவேன்?"

"அண்ணன் எப்படி நின்னுச்சுன்னு அவரைக் கேளுங்க சார்" என்றாள் மனைவி. முகம் வெளிறிப்போயிருந்தது.

"தம்பி எப்படி நின்னுச்சுன்னு மொதல்ல மேடத்தைக் கேளுங்க சார்." அவனும் பேயறைந்த மாதிரி நின்றான்.

இருவருக்கும் நடுவில் இருந்தது இடுப்பளவுப் பலகைத் தடுப்பு ஒன்றுதான். ஆனாலும் பேச்செல்லாம் மேனேஜர் வழியாகத்தான். மாமனார் ஆசையாகச் சமைத்துப் போட்டதை, 'ஹாஸ்டல் சாப்பாடு ஞாபகம் வருது மாமா' என்று மாப்பிள்ளை பாராட்டப்போய் மூண்ட சண்டை. அது பாராட்டுதான் என்று இன்றுவரை அவன் ஒருவன்தான் நம்புகிறான்.

காலையில் இரண்டு பேரும் எவ்வளவு தெம்பாக இருந்தார்கள் என்று நினைக்க நினைக்க மேனேஜருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அவன் இஸ்திரி மடிப்புக் கலையாத புதுச் சட்டையில், தடுப்பையே பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் போன் திரையில் முகம் பார்த்து முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"சரி, உள்ளே போய் அண்ணனை எழுப்பு!"

"போக முடியல சார். அது வேற ஊர்ல இருக்கு. இங்கேர்ந்து உள்ளே போறதுக்கும் அதோட பேரைத்தான் தட்டணும். வழி சொல்லத்தான் ஆளே இல்லையே!"

"சாவியை உள்ளே வெச்சுப் பூட்டின கதையால்ல இருக்கு!"

"முகவரி எண் தெரிஞ்சா நேரா போயிடலாம் சார். ஆனா அது எனக்குத் தெரியாது."

"வேற யாருக்குத் தெரியும்?"

அவன் கண்ணாலேயே தடுப்பைக் காட்டினான். காதலித்த காலத்தில், 'நீங்க கஷ்டப்பட வேண்டாம்' என்று அண்ணனை அமைத்துக் கொடுத்ததே அவள்தான். தம்பியின் எண் அவளுக்கே ஞாபகமில்லை, அண்ணனின் பாஸ்வேர்டோ அவனிடம் மட்டும்தான்.

மேனேஜர் தடுப்பைச் சுற்றி ஓடினார். அவள் எண்ணைச் சொன்னாள். உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி வருவதுபோல அதை முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தார். அவன் தட்டினான். போகவில்லை.

"தப்பா சொல்றாங்க சார்."

"நான் சரியாத்தான் சொன்னேன். அவருக்குத்தான் காது மந்தம்."

"எனக்கா?" என்றார் மேனேஜர் பரிதாபமாக.

மறுபடி ஓடினார். மறுபடி வந்தார். மணி ஏறிக்கொண்டிருந்தது, அவருக்கு ரத்தக்கொதிப்பும் ஏறிக்கொண்டிருந்தது. "கடைசியில எழுபத்திரண்டு... எழுபத்திரண்டுதானே சொன்னே?"

தடுப்புக்கு மேலே ஒரு தலை துள்ளி எழுந்தது.

"ஐயோ! எழுபத்திரண்டு இல்லங்க, இருபத்தேழு! உங்க பொறந்த தேதிங்க அது!"

ஒரு வாரத்துக்குப் பிறகு அவனுக்குக் கிடைத்த முதல் 'ங்க'.

"எ... என் பொறந்த தேதியா?"

"வேற யாரோடதை வெப்பாங்களாம்? தட்டுங்க சீக்கிரம்!"

தட்டினான். அண்ணன் எழுந்தது. அது வழி சொல்ல, அடுத்த நிமிடம் தம்பியும் எழுந்தது. பதினோரு மணிக்கு டிக்கெட் சூடாக விற்றது. மேனேஜர் நாற்காலியில் சரிந்து, உயிர் திரும்பிவிட்டதா என்று நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தடுப்பின் இந்தப் பக்கமே அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவரைத் தூது அனுப்ப இனி யாரும் இல்லை என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது.

அதற்குள் முதலாளியிடமிருந்து போன். பேசி முடித்துவிட்டு மேனேஜர் எழுந்து வந்தார்.

"பாராட்டினாரு. ஆனா ரெண்டும் ஒரே சமயத்துல எப்படி நின்னுச்சுன்னு கேக்கிறாரு. வெளியாள் யாராவது உள்ளே புகுந்துட்டானா?"

கணவன் தலையைச் சொறிந்தான்.

"கோவிச்சுக்காதீங்க சார். அண்ணன் நின்னா, உங்க சட்டப்படி இவ என்கிட்ட வந்து பேசியே ஆகணும்ல? அஞ்சு நிமிஷந்தானே, தம்பி தாங்கிக்கும்னு நான்தான் நிறுத்தினேன்."

"அடப்பாவி! அப்போ தம்பி ஏன்யா தாங்கல?"

மனைவி, கணவனின் புதுச் சட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"அண்ணன் தாங்கிக்கும்னுதான் சார் நானும்..."