மேல் பாதை

“மேல் பாதையிலதான் போறோம்” என்றார் வழிகாட்டி பிஹி. முட்டியில் கையை ஊன்றியபடி ஏறத் தொடங்கிவிட்டார்.

மொராக்கோவின் மர்ராகேஷ் நகரத்திலிருந்து வேனில் வந்த ஒன்பது பயணிகளும் கீழே பார்த்தார்கள். பெர்பர் மலைமக்களின் கிராமம் ஒன்று. அதன் நடுவே நேரான இறக்கம். முடிவில் அவர்களுடைய வேன். பத்து நிமிட நடை.

“வேன் கீழே நிக்குது. நாம ஏன் மேலே ஏறணும்?” பிரெஞ்சுப் பயணி மதாம் ஒடில் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். கணுக்கால் சுளுக்கி வீங்கியிருந்தது.

“கோவேறு கழுதை மேல ஏறிக்கிறீங்களா?” என்று கேட்டான் கடைசியாக வந்த பயிற்சி வழிகாட்டி யிதிர்.

“செத்தாலும் மாட்டேன்.”

யிதிர் தன் குடும்பத்தில் முதல் பட்டதாரி. இன்று பயிற்சியின் கடைசி நாள். பிஹி கையெழுத்துப் போட்டால்தான் வழிகாட்டி உரிமம். சட்டைப் பையிலிருந்த அந்தத் தாளைக் காலையிலிருந்து நான்கு முறை தொட்டுப் பார்த்துவிட்டான்.

கழுதைக்கார ஹம்மு சிரித்தான். “உங்க ஆளு ஏன் மலையைச் சுத்துறாருன்னு தெரியுமா? கீழ் வழியில அவரோட அக்கா இத்தோ வீடு. புருஷன் போனதுக்கப்புறம் மண்கூரையைப் பூசக்கூட வழியில்லை. அப்படி ஒரு அக்கா இருக்கான்னு வெள்ளைக்காரங்களுக்குத் தெரிஞ்சா இவர் மானம் போயிடுமாம்!”

மதாமின் காலைப் பார்க்காமலே பிஹி வளைவைத் தாண்டிவிட்டார். கூப்பிட்டாலும் கேட்காது.

யிதிர் அந்தக் கணுக்காலை இன்னொரு முறை பார்த்தான்.

“ஹம்மு, நீ போய் அவர்கிட்ட சொல்லிடு. நான் இவங்க எல்லாரையும் கீழ் வழியா கூட்டிட்டுப் போறேன்.”

“தாளைக் கிழிச்சிடுவார், தம்பி.”

“கிழிக்கட்டும்.” மதாமுக்குத் தோள் கொடுத்து எழுப்பினான் யிதிர்.

மூன்றாவது வீட்டு வாசலில் ஓர் அம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

“எங்கே நழுவுற? என் தம்பியோட விருந்தாளிங்க என் வாசலைத் தாண்டிப் போறதா? உள்ளே வாங்க!”

“நேரமாயிடுச்சு அக்கா...”

“டீ குடிக்காம இந்த ஊர்ல யாராவது ஒரு வாசலைத் தாண்டியிருக்காங்களா? இதையெல்லாம் காலேஜ்ல சொல்லித் தரலையா?”

பெட்டியிலிருந்து கல்லாக இறுகிய சர்க்கரைக் கூம்பை எடுத்துச் சிறு சுத்தியலால் உடைத்தாள் இத்தோ. ஒரு கெண்டி, இரண்டு கெண்டி, மூன்று கெண்டி. கூம்பு தீர்ந்தது. பெட்டியில் வேறு கூம்பு இல்லை என்பதை யிதிர் பார்த்துவிட்டான். பாதித் தேநீரோடு கோப்பையைக் கீழே வைத்தான்.

மதாம் ஒடிலின் காலுக்கு ஈரத்துணி சுற்றிவிட்டாள். மதாம் நூறு திர்ஹம் நோட்டை நீட்டியதும் இத்தோவின் முகம் சிவந்துவிட்டது.

“விருந்தாளிகிட்ட காசா? உள்ளே வைக்கச் சொல்லு!”

கிளம்பும்போது யிதிர் கையில் ஒரு துணிமூட்டையைத் திணித்து, தம்பிக்கு இரண்டு வார்த்தையும் சொல்லியனுப்பினாள்.

வேனருகே பிஹி காத்திருந்தார். “உள்ளே கூப்பிட்டாளா?”

“கூப்பிட்டாங்க.”

“கூம்பு?”

“முழுசும் தீர்ந்துடுச்சு, அண்ணே.”

பிஹி அப்படியே வேன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அவ கண்ணுல பட்டா ஒருத்தரையும் விடமாட்டா. ஒரு மாசத்துச் சர்க்கரை ஒரே கூட்டத்துக்குப் போயிடும். நான் வாங்கிக் குடுத்தா ‘நான் என்ன பிச்சைக்காரியா’ன்னு திருப்பி அனுப்புவா. ரோஷக்காரி! அதான் மூணு வருஷமா மலையைச் சுத்துறேன். ஊர் என்ன வேணா பேசிக்கட்டும்.”

ஹம்மு திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே இறுகியிருந்த கழுதை வாரை இன்னும் இறுக்கினான்.

யிதிர் தாளை எடுத்தான். “கேட்காம இறங்கினது நான்தான், அண்ணே. கையெழுத்துப் போட வேண்டாம்னு நினைச்சா...”

“அந்தக் காலோட அவங்களை ஏத்தியிருந்தாதான் போட்டிருக்க மாட்டேன். பேனா குடு.”

கையெழுத்தான பிறகுதான் யிதிருக்கு மூட்டை நினைவு வந்தது. பிஹி அதைப் பிரித்தார். கம்பளி நூலில் தடிமனாகப் பின்னிய இரண்டு முட்டிப் பட்டைகள்.

ஒன்றைத் தன் முட்டியில் வைத்துப் பார்த்தார். “என்ன சொன்னா?”

“‘அந்த மலையில யாருக்காக ஏறுறான்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கான். முட்டி தேஞ்சா எந்தச் சந்தையில வாங்குவானாம்? இனிமே கீழ் வழியாவே வரச் சொல்லு. என் ரோஷத்தை நான் விட்டுட்டேன். சர்க்கரைக் கூம்பை அவனே கொண்டு வரட்டும்’னாங்க.”