போர்வைக்குள் இருவர்

எவ்லின் ஸ்டுட்கார்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். அங்கே புதிதாக வந்த கிழவரைக் கண்டதுமே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவளுடைய சிறுவயதில், சனிக்கிழமை இரவுகளில், உள்ளூர்த் தொலைக்காட்சியில் மெழுகுதிரியோடு தோன்றிப் பேய்ப்படங்களை அறிமுகம் செய்தவர். “நானும் அண்ணாவும் ஒரே போர்வைக்குள் இருந்து பார்ப்போம்” என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள். அவர் மகிழ்ந்துபோனார்.

அந்தச் சந்தோசத்திலேயே அண்ணன் ஜெசிந்தனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“நானோ? எனக்குப் பேய்ப்படம் எண்டால் பயம். அம்மாவோட போய்ப் படுத்திடுவன். நீ தனியத்தானே பாப்பாய்!”

“விசர்க்கதை கதையாதை அண்ணா. பக்கத்திலயிருந்து என்ரை கையைப் பிடிச்சது ஆர்?”

“நான் இல்லையடி.”

எவ்லின் குழம்பிப்போய் நின்றாள். ‘பயப்பிடாதை, நான் இருக்கிறன்’ என்ற குரல் நன்றாக நினைவிருந்தது. முகம்தான் வரவில்லை. தன்னை அண்ணா என்று கூப்பிடச் சொன்னதும் அந்தக் குரல்தான்.