அந்தக் கஷாயம்

கழிப்பறைக் கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது. உள்ளே வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அவள் சமையல் மேடையைப் பார்த்தாள். வெந்தயத்தை வறுத்துப் பொடித்துக் கலக்கிய தயிர். எலுமிச்சை பிழிந்த, பால் விடாத டீ. ஓமம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். எல்லாத் தம்ளர்களிலும் ஒரு வாய்தான் குறைந்திருந்தது.

கணவர் பேருந்து ஓட்டுநர். காலையில் பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கி ஓடியிருக்கிறார். டயர் பஞ்சர் என்று நடத்துநர் சமாளித்தாராம். கொஞ்ச தூரத்தில் அவர் மறுபடி இறங்கி ஓடி, டயர் மறுபடி 'பஞ்சர்' ஆனபோது பயணிகள் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார்களாம்.

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவரே சிரித்தார். சிரித்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தார். அப்போதுதான் வாய் தவறியது.

"அந்தக் கஷாயம் ஒரு தம்ளர் இருந்தா ஒரே வேளையில நின்னுடும்."

"எந்தக் கஷாயம்?"

"விடு. அது அந்த வீட்டுல."

அந்த வீடு என்றால் எந்த வீடு என்று அவளுக்குத் தெரியும். அவருடைய முதல் மனைவியோடு இருந்த வீடு.

"எப்படிப் போடணும்னு சொல்லுங்க, நான் போடுறேன்."

"உனக்கு எதுக்கு அதெல்லாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடியவர்தான், இன்னும் வெளியே வரவில்லை.

முதல் மனைவியைப் பற்றி அவர் இதுவரை நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. திட்டியிருந்தால் இவளும் சேர்ந்து திட்டியிருப்பாள். புகழ்ந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். இரண்டுக்கும் வழியில்லாமல் வைத்திருந்தார் மனிதர். இப்போது உடம்பு முடியாத நேரத்தில் அவருக்கு முதல் மனைவியின் கை மருந்து கேட்கிறது.

வயிற்றுப்போக்கு அவருக்கு. வயிற்றெரிச்சல் இவளுக்கு.

அந்தக் கையை இவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் இருவருக்கும் பிறந்த மகளை விடுமுறைக்குக் கொண்டுவந்து விடும்போது வாசல் கேட்டைப் பிடித்திருக்கும் கை. நகம் ஒட்ட வெட்டிய, மெலிந்த விரல்கள். அந்த விரல்கள் எதையோ நசுக்கி, வடிகட்டி, ஆற்றி, தம்ளரை அவர் வாயருகே கொண்டுபோவதை நினைத்துப் பார்த்தாள். நினைக்காமல் இருக்க முடியவில்லை.

போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். 'பாப்பா அம்மா' என்று பதிந்து வைத்திருந்த எண். மகளைக் கூட்டிப் போகவும் விடவும் தவிர வேறு எதற்கும் அதில் பேசியதில்லை. தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும்போது வைத்துக்கொள்ளும் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"அக்கா, வயித்தால போறதுக்கு உங்க வீட்டுல ஒரு கஷாயம் உண்டாமே. அதுல என்னென்ன போடணும்?"

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு.

"உனக்கா உடம்பு சரியில்ல? என்கிட்ட ஏம்மா கேக்குற? நான் எங்க அதைப் போட்டேன்? அவருதானே போடுவாரு. எனக்கு ஏதாவது ஒத்துக்காம போயிடுச்சுன்னா போதும், அவரே வறுத்து, நசுக்கி, கொதிக்கவெச்சு, ஆத்தி எடுத்துட்டு வருவாரு. குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிப்பாரு. பாத்துப் பாத்து எனக்கே மனப்பாடம். சொல்றேன், எழுதிக்கிறியா?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பால் பொங்கினால்கூட "பொங்குது, பொங்குது" என்று கூடத்திலிருந்து குரல் மட்டும் கொடுக்கிற மனிதர். போன மழைக்காலத்தில் இதே வயிற்றுப்போக்கு அவளைப் படுக்கையில் தள்ளியபோது, மாத்திரை அட்டையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனவர். ஆண்பிள்ளைக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று அன்றைக்கு மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் நினைப்பில் அந்த மெலிந்த விரல்களில் தம்ளர் இருந்தவரை தாங்க முடிந்தது. இப்போது தம்ளர் அவர் கைக்கு மாறிவிட்டது.

"என்னம்மா, இருக்கியா?"

உள்ளே வாளி உருளும் சத்தம் கேட்டது. அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, சத்தம் அடங்கிய பிறகு பேசினாள்.

"அவருதான் போடுவாருன்னு தெரியாதாக்கா எனக்கு? இப்பவும் அவருதான் அடுப்புகிட்ட நிக்கிறாரு. என்னை எழுந்திரிக்கவே விடல. ஏதோ ஒரு சாமான் மட்டும் மறந்துடுச்சாம். அதான் உங்ககிட்ட கேக்கச் சொன்னாரு."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

"அக்கா?"

"எனக்கு எதுவும் ஞாபகமில்லீங்க" என்றது குரல். அவளை ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை அது.

போன் துண்டிக்கப்பட்டது.

அவள் உள்ளே வந்து, காய்ச்சி ஆறிய தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் அளந்து போட்டுக் கலக்கினாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். முகம் ஒரு நாளில் வற்றிப்போயிருந்தது. தம்ளரை அவர் கையில் கொடுத்து, கவிழ்ந்துவிடாமல் அடியில் தன் கையையும் வைத்துக்கொண்டாள்.

"யாருகிட்ட பேசிட்டிருந்த?"

"அக்காகிட்ட. அந்தக் கஷாயம் எப்படிப் போடுறதுன்னு கேட்டேன்."

தம்ளர் உதட்டுக்கு அருகில் நின்றது.

"என்ன சொன்னா?"

அக்கா கடைசியாகச் சொன்னதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் சொன்னாள்.

"எதுவும் ஞாபகமில்லையாம்."

அவர் தம்ளரில் இருந்ததை அடி வரைக்கும் குடித்து முடித்தார்.