அம்மாவின் உபவாசம்

வாக்கு எண்ணத் தொடங்கியதிலிருந்து, அமைச்சரின் அம்மா பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரிங்கம்மா, உங்க மகன் ஜெயிச்சிடுவாரு," என்றாள் அவளோடு தங்கியிருந்த விதவைத் தையல்காரி.

அம்மா எழவில்லை. மகன் அந்த வீட்டுப் படியை மிதித்து வருடக்கணக்காகிறது.

மதியம் போன் அடித்தது.

"தோத்துட்டேம்மா. நீ ஜெபம் பண்ணியுமா?"

"நீ தோக்கணும்னுதான்டா பண்ணினேன். விதவைக்கு நியாயம் செய்னு வேதத்துலருந்து உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். நீ உன் பண்ணை வீட்டுக்கு வழி வேணும்னு இந்தத் தையல்காரி வீட்டை இடிச்சே. ஏழை சொல் உன் அம்பலத்துல ஏறல, கர்த்தர்கிட்ட ஏறிடுச்சு."

அம்மாவின் குரல் உடைந்தது.

"வீட்டுக்கு வா ராசா. இவகிட்ட மன்னிப்புக் கேளு. அதுவரைக்கும் என் உபவாசம் முடியாது."